அடி தெரிந்தவனுக்கும் பேய் பயம்: குங்ஃபூவும் திகிலும் கலந்த ஆர்பிஜி ஆட்டத்தை முதன்முதலாக நடத்துகிறவர்களுக்கு

சண்டைக்கலைக் கதையில் நாயகன் போகப்போகப் பலசாலி ஆகிறான். திகில் கதையில் அவனிடம் இருப்பது ஒவ்வொன்றாகப் பறிபோகிறது. இரண்டையும் ஒரே மேசையில் ஆட ஆசைப்படுகிறவர்கள் முதலில் முட்டி நிற்கும் இடம் இதுதான். பேய்க்கு உயிர்ப்புள்ளி (அடிபட அடிபடக் குறைந்து, தீர்ந்தால் ஆள் சாகும் எண்) கொடுத்தால் நாலு பேர் சூழ்ந்து நின்று அடித்தே கொன்றுவிடுகிறார்கள். பயம் போயிற்று. பேயை யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று வைத்தால், ஆசை ஆசையாக விங் சுன் என்ற குங்ஃபூ பாணியில் ஒரு வீரனை உருவாக்கிக்கொண்டு வந்தவர் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார். ஆட்டமே போயிற்று.

வழி உண்டு. அடி விழ வேண்டும், பலிக்கவும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாமல் இருக்க வேண்டும். முஷ்டி நேரத்தை வாங்கித் தரும்; பேயை அடக்குவது அறிவு. கீழே நான் சொல்லும் விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்தவைதான்.

டேபிள்டாப் ஆர்பிஜிக்கே (பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்கே) புதியவர்களுக்கு இரண்டு வரி: மூன்று முதல் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை பேசும். இந்தக் கட்டுரை கேம் மாஸ்டராக உட்காரப் போகிறவருக்கு.

முன்மாதிரி: ஹாங்காங்

இந்தக் கலவையை 1980களின் ஹாங்காங் சினிமா நன்றாகவே கட்டி வைத்திருக்கிறது. 1985இல் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' அந்த வகையில் மிகவும் பேர் வாங்கிய படம். அதற்குப் பிறகு வரிசையாக ஜியாங்ஷி படங்கள் வந்தன. ஜியாங்ஷி என்பது விறைத்துப்போன பிணம். சீனாவைக் கடைசியாக ஆண்ட சிங் வம்சத்து அதிகாரியின் உடுப்பு, நீட்டிய கைகள், முழங்கால் மடங்காததால் துள்ளித் துள்ளி வரும் நடை. ஆளை மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டால் பக்கத்திலேயே நின்றாலும் அதற்குத் தெரியாது. நெற்றியில் மஞ்சள் தாளில் எழுதிய மந்திரச்சீட்டு ஒட்டினால் அப்படியே நிற்கும். பீச் மரத்து வாள், வெந்தால் பசைபோல் ஒட்டும் வகை அரிசி, தச்சர்கள் மரத்தில் கோடு அடிக்கும் மை தோய்ந்த நூல் ஆகியவை அதை வாட்டும்.

இந்தப் பட்டியலில் அடி, உதை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் படங்கள் முழுக்க அடியும் உதையும்தான். பிணத்தை எட்டி உதைத்தால் அது சுவரில் மோதும், மேசை உடையும், பிறகு எழுந்து வரும். அந்த இடைவெளியில்தான் ஒருவன் சீட்டை எழுதி முடிக்கிறான், இன்னொருவன் தாவி அதை நெற்றியில் ஒட்டுகிறான். ஒட்டுவதற்கு அருகில் போக வேண்டும். போய் உயிரோடு திரும்ப குங்ஃபூ வேண்டும். சண்டைத் திறமையும் சடங்கு அறிவும் ஒன்றில்லாமல் மற்றது நடக்காதபடி பின்னப்பட்டிருக்கின்றன. மேலே சொன்ன படத்தில் அரிசிக் கடைக்காரன் பசையரிசியோடு சாதாரண அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறான், அதனால் பிணத்திடம் காயம்பட்டவனுக்குப் பசையரிசியால் செய்யும் சிகிச்சை பாழாகிறது. எவ்வளவு வேகமாகக் கை சுழற்றினாலும் கலப்படத்தை அடிக்க முடியாது. நீங்கள் எழுதும் கதையிலும் இப்படி ஒரு கண்ணி இருக்கட்டும்.

எந்த விதிப்புத்தகம்?

நம்மில் பலர் ஆரம்பிப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில். அதில் மாங்க் என்ற சண்டைத் துறவி இருப்பதால் இதற்கும் அதுவே போதும் என்று தோன்றும். 2014 விதிகளைப் பாருங்கள். கதாபாத்திரம் அனுபவம் சேரச் சேர நிலை நிலையாக ஏறும். ஆறாம் நிலையில் மாங்கின் வெறுங்கை மாயாயுதத்துக்குச் சமமாகிவிடும், சாதாரண ஆயுதத்தைத் தாங்கும் ஆவிகளையும் அது பதம் பார்க்கும். ஏழாம் நிலையில் தன்னைப் பிடித்த பயத்தை ஒரே செயலில் உதறிவிடலாம். சாகசத்துக்கு இவை அருமையான வரங்கள், திகிலுக்கு எமன். அந்த ஆட்டத்தில்தான் நடத்துவேன் என்றால் ஒன்று முதல் நான்காம் நிலைக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபெங் ஷுய் என்ற ஆர்பிஜி 1996இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2015இல். ஹாங்காங் அதிரடிப் படங்களையே அடிப்படையாக வைத்து எழுதப்பட்டது. பேரில்லாத அடியாட்கள் கொத்துக் கொத்தாக விழுவார்கள், சூனியக்காரர்களும் உண்டு. விறுவிறுப்பு வேண்டுமானால் இதுதான். ஆனால் இதில் உங்கள் ஆட்கள் தொடக்கத்திலேயே வீரர்கள். நடுக்கம் வரவழைப்பது கடினம்.

முதல் முறைக்கு நான் சொல்வது கால் ஆஃப் கதுல்ஹுவின் ஏழாம் பதிப்பு. 1981இலிருந்து இருக்கிற ஆட்டம். கேயாசியம் நிறுவனம் இலவசமாகவே ஓர் அறிமுகப் பிரதி தருகிறது, ஒரு மாலை ஆட அது போதும். எல்லாம் சதவீதத்தில் இருப்பதால் புதியவர்களுக்கு உடனே புரியும்: திறன் 60 என்றால் நூறு முகக் கணக்கில் 60 அல்லது அதற்குக் கீழே உருட்ட வேண்டும். திறனில் பாதியோ அதற்குக் கீழோ வந்தால் கடின வெற்றி, ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் கீழோ வந்தால் அதீத வெற்றி. மனிதர்கள் எளிதில் உடைவார்கள். உடல்வலு 50, உருவ அளவு 65 உள்ளவருக்கு உயிர்ப்புள்ளி 11தான். வெறுங்கை அடி மூன்று முகப் பகடை அளவுக்குத்தான் காயம் செய்யும், பலசாலிக்குக் கொஞ்சம் கூடுதல். திகிலுக்கு இது சரி. குங்ஃபூவுக்கு இது வறட்சி. அதனால் மூன்று வீட்டு விதிகளை, அதாவது புத்தகத்துக்கு வெளியே நாமே வைத்துக்கொள்ளும் விதிகளை, சேர்க்கிறோம்.

மூன்று வீட்டு விதிகள்

முதல் விதி பாணி. ஒவ்வொருவரும் தன் கதாபாத்திரம் எந்தப் பள்ளியில் கற்றது என்று எழுதட்டும், அதன் பலம் ஓர் இடத்தையோ நிலையையோ சார்ந்திருக்கட்டும். விங் சுன் கைக்கெட்டும் தூரத்தில் ஆடுவது, ஆகவே குறுகிய சந்தில் அவருக்கு ஒரு சாதகப்பகடை. சோய் லி ஃபட்டில் கை நீளமாகச் சுழலும், மொட்டைமாடியில் சாதகம், சந்துக்குள் தண்டம். ஹுங் கரில் கால் மண்ணில் ஊன்றி நிற்கும், தள்ளுமுள்ளில் அவருடைய உடற்கட்டு எண்ணை (ஆள் எவ்வளவு பருமனும் பலமும் என்று காட்டுவது) ஒன்று கூட்டிக்கொள்ளலாம். சாதகப்பகடை, தண்டப்பகடை இரண்டும் இந்த ஆட்டத்திலேயே இருப்பவை: நூறு கணக்கை உருட்டும் இரண்டு பகடைகளில் பத்துகளைக் காட்டும் பகடையை ஒன்று கூடுதலாக உருட்டி, சாதகமானால் நல்லதையும் தண்டமானால் மோசமானதையும் எடுப்பது. இப்படிச் செய்ததும் ஆட்டக்காரர்கள் 'நான் அடிக்கிறேன்' என்பதோடு நிற்காமல் 'இங்கே எவ்வளவு அகலம்?' என்று கேட்கத் தொடங்குவார்கள். இடத்தைக் கவனிக்கிறவர்களைப் பயமுறுத்துவது சுலபம்.

இரண்டாம் விதி, மனித எதிரிகள் சீக்கிரம் விழ வேண்டும். பேரில்லாத அடியாள் மேல் கடின வெற்றி வந்தால் காயக் கணக்கு வேண்டாம், ஆள் காலி. இந்தத் தாராளம் அவசியம். தன் ஆள் கெட்டிக்காரன் என்று ஆட்டக்காரர் முதலில் உணர்ந்தால்தான், பிறகு அது போதாமல் போகும்போது வயிறு கலங்கும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பிணத்துக்கு உயிர்ப்புள்ளியே கிடையாது. அதை அடிப்பதெல்லாம் தள்ளல், புரட்டல், தடுத்தல். ஏழாம் பதிப்பில் இதற்கு நேரடியாக விதி இருக்கிறது. எதிராளியின் உடற்கட்டு எண் உங்களுடையதைவிட ஒன்று கூடுதல் என்றால் ஒரு தண்டப்பகடை, இரண்டு கூடுதல் என்றால் இரண்டு, மூன்று என்றால் முடியவே முடியாது. சராசரி மனிதருக்கு உடற்கட்டு 0. நம் பிணத்துக்கு 2 வையுங்கள். 60 சதவீதத் திறன் ஒரு தண்டப்பகடையால் 36 ஆகிறது, இரண்டால் சுமார் 22. இருவர் சேர்ந்து தள்ளினால் ஒரு தண்டம் குறையட்டும். வென்றால் பிணம் பின்னுக்குப் போய் ஒரு சுற்றை இழக்கும். அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு சுற்று பொன்.

இதோடு மூச்சு. பிணத்தின் அருகே மூச்சை அடக்குகிறவர் முன்னால் சுற்றுக்கு ஒரு காசு வையுங்கள். அந்தச் சுற்றில் அடித்தாலோ தாவினாலோ ஆளைத் தூக்கினாலோ இரண்டு காசு. இரண்டு காசு வரை கவலை இல்லை. மூன்றில் உடல்வலுவை உருட்ட வேண்டும், நான்கில் அதன் பாதி, ஐந்தோ அதற்கு மேலோ ஆனால் ஐந்தில் ஒரு பங்கு. தவறினால் மூச்சு வெளியே போகும், பிணத்தின் தலை அவர் பக்கம் திரும்பும், காசுகள் கீழே இறங்கும். உடல்வலு 60 உள்ளவர் அசையாமல் நின்றால் மூன்றாம் சுற்றில்தான் முதல் சோதனை, அதுவும் 60இல். சண்டை போட்டால் இரண்டாம் சுற்றிலேயே 30, மூன்றாவதில் 12. எவ்வளவு வீரமாக அடிக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கப்படுவார். சண்டைக்கலைப் பயிற்சியே மூச்சைப் பழக்குவதுதானே! அவருடைய பலத்தின் ஊற்றிலேயே திகிலைக் கொண்டுபோய் வைக்கிறோம். நண்பனைக் காப்பாற்ற ஒருவர் வேண்டுமென்றே வாய்விட்டுக் கத்தலாம். யாராவது கட்டாயம் செய்வார்கள், அந்த நிமிடம் மேசை முழுக்க நிமிர்ந்து உட்காரும்.

ஆட்டத்துக்கு முன் ஒரு பேச்சு

பகடையைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எது வேண்டவே வேண்டாம், எது நடக்கலாம் ஆனால் விவரிக்க வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொல்லட்டும். ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த 'கோடுகளும் திரைகளும்' என்ற வழக்கம் இது. ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டையும் மேசை நடுவில் வையுங்கள்: யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியைக் காரணம் கேட்காமல் மாற்றிவிடுவது. பயப்படத்தான் வந்திருக்கிறோம், இதெல்லாம் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் கதையின் அசுரன் ஒரு சடலம். வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்தவர் மேசையில் இருக்கலாம், அவர் அதை வெளியே சொல்லாமலும் இருக்கலாம். வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் துணிந்து உள்ளே வருவார்.

இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இந்த மந்திரச்சீட்டு, பீச் வாள் எல்லாம் வரும் தாவோயிசம் என்ற சீனச் சமயத்தின் சடங்குகள் இன்றும் கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிற நம்பிக்கை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்குப் படையல் வைப்பதும், மேடைக் கச்சேரியில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விடுவதும் சிங்கப்பூர், பினாங்குத் தமிழர்கள் கண்ணால் பார்த்தவை. மந்திரவாதியைக் கோமாளியாக்கி, உச்சரிப்பைக் கிண்டல் செய்து ஆட வேண்டாம். பூசாரி ஒருவர் கதையில் வந்தால், தன் வேலை தெரிந்த மனிதராக வரட்டும்.

இடம்: கவ்லூன் மதில் நகரம், 1992

கற்பனை நகரம் கட்ட வேண்டியதில்லை. ஹாங்காங்கில் உண்மையில் இருந்த ஒன்று காத்திருக்கிறது. சுமார் 2.7 ஹெக்டேரில் 1987 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 33,000 பேர் வாழ்ந்த இடம். கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி 14 மாடி வரை எழும்பியிருந்தன. பக்கத்திலேயே கை டாக் விமான நிலையம் என்பதால் அதற்கு மேல் உயர முடியவில்லை. சந்துகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் பின்னிக் கிடக்கும், சொட்டிக்கொண்டே இருக்கும். உரிமம் இல்லாத பல் மருத்துவர்கள், மீன் உருண்டை தயாரிக்கும் பட்டறைகள், மாடிக்கு மாடி தாவக்கூடிய கூரைகள். இடிக்கப் போகிறோம் என்று 1987 ஜனவரியில் அரசு அறிவித்தது. 1993இல் இடிக்கத் தொடங்கி 1994இல் முடித்தார்கள். ஆகவே 1992 என்று வைத்தால், பெரும்பாலோர் போய்விட்ட, கொஞ்சம் பேர் மட்டும் மிச்சமிருக்கிற ஊர் கிடைக்கிறது. கதவு திறந்து கிடக்கும் வீடுகள், பாதி எடுத்துப்போன சாமான்கள்.

இதைத் தேர்ந்ததற்கு இன்னும் நல்ல காரணம் அந்த இடத்தின் வரலாறு. அது முதலில் சிங் அரசின் கோட்டை. 1847இல் மதில் கட்டினார்கள். 1898இல் பிரிட்டன் சுற்றுவட்டாரத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது அந்த மதிலுக்குள் மட்டும் சீன நிர்வாகமே இருக்கும் என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே அதிகாரிகளை வெளியேற்றியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மதிலை உடைத்துக் கற்களைக் கை டாக் விரிவாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். சிங் உடுப்பில் ஒரு பிணம் இங்கே ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது.

என் கதைக்கரு இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையின் ஒரு படை அதிகாரி தெற்கு வாசலுக்கடியில் புதைக்கப்பட்டிருக்கிறான். மதிலே அவனைக் கட்டி வைத்த முத்திரை. கற்கள் போனபின் முத்திரை தளர்ந்தது. மேலே நெருக்கியடித்து மக்கள் வாழ்ந்த வரை அவர்களுடைய பூசைகள் அவனை அமுக்கி வைத்தன. இப்போது ஊர் காலியாகிறது, அவன் எழுகிறான். அவனைக் கட்டியிருந்த கற்கள் ஓடுபாதையின் அடியில் இருப்பதால், விமானம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அவனால் நகர முடிகிறது.

இதை மேசையில் இப்படி நடத்துங்கள். பேச்சின் நடுவே நீங்கள் கையை உயர்த்தினால் விமானம் தலைக்கு மேலே போகிறது என்று அர்த்தம். ஐந்து வினாடி யாரும் பேசக் கூடாது, கதாபாத்திரங்களுக்கும் எதுவும் கேட்காது. கையை இறக்கியதும், பிணம் இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். மூன்றாம் தடவை உங்கள் கை அசைந்தாலே மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள்.

கதாபாத்திரங்கள் யார்? ஒரே மொட்டைமாடிக் குங்ஃபூ பள்ளியின் பழைய மாணவர்கள் என்று வைப்பது எல்லாவற்றையும் எளிதாக்கும். ஹாங்காங்கில் மொட்டைமாடிகளில் பயிற்சி நடப்பது வழக்கமாக இருந்தது. குங்ஃபூ ஆசான்கள் பலர் எலும்பு கட்டும் வைத்தியமும் பார்த்தார்கள், பள்ளிகள் திருநாளில் சிங்க நடனம் ஆடின. கண்ணுக்கு மையிட்டு உயிர் கொடுத்த சிங்கத்தலை தீயதை விரட்டும் என்பது நம்பிக்கை. இதனால் சண்டைக்காரரின் கைக்கே சடங்கு வந்து சேர்கிறது, தனியாக ஒரு மந்திரவாதிக் கதாபாத்திரம் தேவைப்படாது. ஆசான் இறந்துவிட்டார், பள்ளியின் சிங்கத்தலையை எடுத்துப்போகத் திரும்பி வந்திருக்கிறார்கள். அவ்வளவு போதும்.

பிணத்தின் நான்கு வரிகள்

ஓர் அட்டையில் நான்கு வரி எழுதுங்கள்: அது என்ன செய்யும், என்ன வேண்டும் அதற்கு, எதற்கு அடங்கும், எதில் ஏமாறும். நம் அதிகாரி விமான ஓசையில் நகர்வான், மூச்சை வைத்துத் தேடுவான். அவனுக்கு வேண்டியது வாசலைக் காவல் காக்க ஆட்கள். கொன்றவர்களைத் தன் படையில் சேர்ப்பான். தெற்கு வாசலின் பழைய கற்பலகை மண்ணுக்கடியில் இன்னும் இருக்கிறது, அதன் மேல் அவனை நிறுத்தி நாற்புறமும் மைநூல் கட்டினால் அடங்குவான். (1990களில் இடித்தபோது தெற்கு வாசலின் கற்பலகைகள் நிஜமாகவே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன.) ஏமாறுவது எதில்? சிங்கத்தலையை எதிரி என்று நினைத்துத் துரத்துவான்.

'எதற்கு அடங்கும்' என்ற வரிக்கு மட்டும் குறைந்தது மூன்று துப்புகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஊர் நடுவே இருந்த பழைய அதிகாரி மாளிகையில் வசிக்கும் முதியவர் சொல்வது ஒன்று; பல் மருத்துவர் சுவரில் தொங்கும், வாசல் தெரியும் புகைப்படம் ஒன்று; ஆசானின் அறையில் தச்சரின் மைநூல் பெட்டி, அதோடு ஒரு வரைபடம். ஆட்டக்காரர்கள் ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். துப்பைக் கண்டுபிடிக்கப் பகடை கேட்காதீர்கள். தேடினால் கிடைக்கட்டும். பகடை தவறித் துப்பு போய்விட்டால் கடைசியில் அவர்களுக்கு மிஞ்சுவது முஷ்டி மட்டும், நாம் ஆரம்பித்த சுவரிலேயே மறுபடி முட்டுவோம்.

சண்டையைச் சொல்வது

கேம் மாஸ்டர் சண்டையில் எண்களைப் படித்துக்கொண்டு போனால் இரண்டு உணர்ச்சியும் செத்துப்போகும். இடம், உடல், விளைவு மூன்றையும் ஒவ்வொரு அடியிலும் தொடுங்கள். ஒரு துண்டு இப்படிப் போகலாம்:

"படியில துள்ளி வந்த சத்தம் நின்னுடுச்சு. உனக்கும் அதுக்கும் நடுவுல நாலடி. மூச்சு?"

"பிடிச்சிருக்கேன். பின்னாடி இருக்கிற பாட்டிகிட்ட அது போகக் கூடாது. நெஞ்சுல குத்தித் தள்ளுறேன்."

"காலை விரிக்க இடமில்ல, ரெண்டு பக்கமும் சுவர்."

"இடம் வேணாம். விங் சுன். ஒரு சாண் போதும்."

"அப்போ உனக்கு ஒரு சாதகம், அதோட கனத்துக்கு ரெண்டு தண்டம். கழிச்சா தண்டம் ஒண்ணு. உருட்டு."

"முப்பத்தொண்ணு!"

"விழுந்துச்சு. முஷ்டிக்குக் கீழ எலும்பு நொறுங்குறது உன் முழங்கை வரைக்கும் தெரியுது. மூணடி பின்னால போய்ச் சுவத்துல சாஞ்சு நிக்குது. நெஞ்சு குழிஞ்சுபோச்சு. குழிஞ்ச நெஞ்சோடயே தலையை மெதுவா நிமித்துது. இந்தா, ரெண்டு காசு."

அடி பலித்தது, பாட்டி பிழைத்தாள், ஆட்டக்காரர் கெட்டிக்காரர்தான். ஆனாலும் முன்னால் இரண்டு காசு கிடக்கிறது. எந்த அடியையும் 'ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லி முடிக்காதீர்கள். உடல் நொறுங்கட்டும், நொறுங்கியும் வரட்டும்.

துள்ளல் நடையைப் பார்த்துச் சிரிப்பு வரும். வரட்டும், அந்தப் படங்களிலேயே சிரிப்பு உண்டு. காட்டுவதற்கு முன் நெடுநேரம் கேட்க மட்டும் வையுங்கள்: மேல் மாடியில் தொப், பிறகு நீண்ட அமைதி, பிறகு சரியாகத் தலைக்கு மேலே தொப்.

மனம் உடைவது

கால் ஆஃப் கதுல்ஹுவில் மனத்திட எண் ஒன்று இருக்கிறது. கோரமானதைப் பார்க்கும்போது அது குறையும். ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் அறிவுத்திறனை உருட்ட வேண்டும். இங்கே புதியவர்கள் குழம்புவார்கள்: உருட்டி வென்றால்தான் கேடு. பார்த்தது என்ன என்று புரிந்துவிட்டது, அதனால் மனம் கலங்குகிறது. தோற்றால் புரியவில்லை, தப்பித்தார்.

சண்டைக்காரருக்கு நான் இதைக் கொஞ்சம் மாற்றுவேன். பிணத்தைப் பார்ப்பதற்குச் சிறிய இழப்பு போதும், நாலு முகப் பகடை. தன்னுடைய மிகச் சிறந்த அடி விழுந்தும் அது எழுந்து வருவதை முதல்முறை பார்க்கும்போது ஆறு முகப் பகடை. பத்து வருடம் விடியற்காலையில் எழுந்து பழகிய வித்தை கைவிடுகிறது. அவருக்குப் பேயைவிட அதுதான் பெரிய திகில்.

மனம் கலங்கினால் என்ன நடக்கும்? நிஜமான மனநோய்களின் பெயரை வைத்து நடிக்கச் சொல்வதை விட்டுவிடுங்கள். சீனச் சண்டைக்கலைக் கதைகளிலேயே இதற்கு ஒரு கருத்து உண்டு: பயிற்சியில் உள்ளோடும் 'சி' என்ற உயிராற்றல் தடம் புரண்டு, தன் உடலையும் புத்தியையும் தாக்குவது. ஆட்டக்காரரே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பாணியின் சாதகம் இந்த இரவு முழுக்கப் போய்விடுகிறது. அல்லது அடுத்த சுற்றில் கை மிக அருகில் இருப்பவரை அடிக்கிறது. அல்லது உடல் தான் கற்காத, யாரோ பழைய போர்வீரனுடைய அசைவை ஆடுகிறது, அப்போது அடி பலமாக விழும், பிணமும் அவரைத் தன் ஆளாகப் பார்க்கத் தொடங்கும். மூன்றாவதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய. கொடுங்கள்.

நாலு மணி நேரத்தைப் பிரிப்பது

மூன்று சண்டைக்கு மேல் வேண்டாம். முதல் மணி நேரத்துக்குள் மனிதர்களோடு ஒன்று: காலி வீடுகளைக் கொள்ளையடிக்க வந்தவர்கள், கூரை மேல், வெளிச்சத்தில். தாராளமாக ஜெயிக்கட்டும். இரண்டாவது சண்டை நடுவில், சந்துக்குள், பிணத்தோடு. இங்கே தப்புவதுதான் வெற்றி. யாரையாவது காப்பாற்ற வேண்டிய காரணம் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் அறிவாளி ஆட்டக்காரர்கள் உடனே ஓடிவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. இடையில் ஒரு மணி நேரம் துப்பு தேடலுக்கும் வாக்குவாதத்துக்கும். கடைசிச் சண்டை தெற்கு வாசலை நோக்கி நகர்கிற சண்டை: ஒருவர் சிங்கத்தலையைத் தூக்கி ஆடி அவனை இழுக்கிறார், இருவர் தள்ளுகிறார்கள், ஒருவர் மைநூலோடு காத்திருக்கிறார். வாசல் வரை ஐந்து கட்டங்கள் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கட்டம் முன்னே நகர்த்துங்கள். இரண்டு கட்டத்துக்கு ஒரு தடவை விமானம்.

யாராவது செத்தால்? கடைசிச் சண்டையில் சாகலாம், அதற்கு முன் வேண்டாம். இரண்டாம் சண்டையில் ஆள் போனால் அந்த ஆட்டக்காரர் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அவருக்குக் காயம் கொடுங்கள், பாணியைப் பறியுங்கள், அதிகாரியின் விரல்நகம் கீறிய கை மெல்ல விறைக்கட்டும். பசையரிசி தேடி அலைய அது ஒரு நல்ல காரணம்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கலையாதீர்கள். விளக்கை முழுதாகப் போட்டு, டீ குடித்து, எது பிடித்தது, எது அதிகமாகப் போயிற்று என்று பத்து நிமிடம் பேசுங்கள். தொடர்ந்து ஆட விரும்பினால், பிழைத்தவர்களுக்குப் பரிசாகச் சதவீதங்களை அள்ளிக் கொடுக்காமல், புதிதாக ஓர் உத்தியும் அதற்கு ஒரு விலையும் கொடுங்கள். அடுத்த கதைக்கு மூச்சு விதியை அப்படியே எடுத்துவராதீர்கள். அடுத்த ஆவி தண்ணீரில் தெரியும் உருவத்தை வைத்து வேட்டையாடலாம். குழாய் சொட்டும் ஊரில் குனிந்து தாழ்நிலையில் சண்டை போடுகிற ஹுங் கர்காரர் அப்போது என்ன செய்வார் என்று யோசித்தபடி புதிய அட்டையில் நான்கு வரியை எழுதத் தொடங்குங்கள்.